குர்துகளுக்குக் கோடம்பாக்கம் இல்லை

சென்னையின் தீவிர சினிமா ரசிகர்களுக்குக் குர்து இனம் முதலில் திரைப்படமாகவே அறிமுகமாயிற்று. வரைபடத்தில் குர்திஸ்தான் எங்கே இருக்கிறது என்று காட்டத் தெரியாதவர்களும் பர்மா பசாரின் குறுந்தகடுகள் வழியாகவும், டிசம்பர் திரைப்பட விழாக்கள் வழியாகவும் பஹ்மன் கொபாடியை அறிந்திருந்தார்கள். 'ஆமைகளும் பறக்கும்' படத்தைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் உறங்காத நண்பர்கள் எங்களுக்கு மயிலாப்பூரிலும் உண்டு, அடையாற்றிலும் உண்டு. அந்தப் படத்தைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து முடியும்: ஈழத் தமிழருக்கு ஏன் இப்படியொரு கலைஞன் வாய்க்கவில்லை?

இந்தக் கேள்விக்கு வழக்கமாகத் தரப்படும் விடை போர், வறுமை, தணிக்கை என்பது. அந்த விடையில் எங்களுக்கு நிறைவில்லை. குர்துகளுக்கும் போர் இருந்தது. நச்சுக்குண்டு விழுந்த ஹலப்ஜாவே இருந்தது. பணம் இருந்ததாகத் தெரியவில்லை. துருக்கி, ஈரான், ஈராக், சிரியா என நான்கு நாடுகளிடையே சிதறிக் கிடந்த மக்கள் அவர்கள். துருக்கியில் 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குர்து மொழியின் பெயரைக்கூட உச்சரிக்காமல் அம்மொழியைத் தடைசெய்தது; 1991இல்தான் அது நீக்கப்பட்டது. ஈழத் தமிழரிடம் இருந்து குர்துகளிடம் இல்லாதிருந்தது ஒன்றே ஒன்று. அதே மொழியில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் படமெடுத்துத் தள்ளும் ஒரு பெருந்தொழில், கடல் தாண்டிக் கூப்பிடு தூரத்தில் அவர்களுக்கு இருந்தது. அதுவே அவர்களுடைய சினிமாவுக்குப் பெரும் தடையாகவும் ஆயிற்று என்பது எங்கள் எண்ணம்.

குர்து சினிமாவின் வரலாறு எவ்வாறு தொடங்கியது என்று பார்த்தால் இது சற்றுத் தெளிவாகும். இல்மாஸ் குனே துருக்கிய வணிகப் படங்களின் நட்சத்திரமாக இருந்தவர். அவருடைய பெற்றோர் குர்துகள். அவர் படங்களோ துருக்கி மொழியில் பேசின. சிறையில் இருந்தபடி அவர் எழுதிக்கொடுத்த திரைக்கதையையும் குறிப்புகளையும் கொண்டு ஷெரீஃப் கோரென் படமாக்கியதுதான் 'யோல்'. 1981இல் சிறையிலிருந்து தப்பிய குனே, வெளிநாட்டில் இருந்தபடி அதன் படத்தொகுப்பை முடித்தார். 1982இல் கான் விழாவின் தங்கப் பனை விருதை அப்படம் கோஸ்டா கவ்ராஸின் 'மிஸ்ஸிங்' படத்தோடு பகிர்ந்துகொண்டது. பரோலில் ஊர் திரும்பும் கைதிகளின் கதை அது. ஓரிடத்தில் பயணம் ஒரு நிலப்பரப்புக்குள் நுழையும்போது திரையில் 'குர்திஸ்தான்' என்ற எழுத்து தோன்றுகிறது. வசனமாகப் பேச முடியாததை ஓர் ஊர்ப்பெயரைப் போல எழுதிக் காட்டினார்கள். 1999 வரை அப்படத்தைத் துருக்கியில் திரையிட முடியவில்லை.

குனேயால் எழுத்தாக மட்டுமே காட்ட முடிந்ததைக் கொபாடி ஒலியாகக் கொண்டுவந்தார். 2000இல் வெளிவந்த 'குடிகாரக் குதிரைகளின் காலம்' ஈரான் – ஈராக் எல்லைப் பனிமலையில் சரக்குக் கடத்தும் சிறுவர்களைப் பற்றியது. குளிர் தாங்குவதற்காகக் கோவேறு கழுதைகளுக்குச் சாராயம் கலந்த நீரைப் புகட்டுகிறார்கள். தலைப்பு அங்கிருந்து வருகிறது. நடித்தவர்கள் அந்த மலைக்கிராமத்துப் பிள்ளைகளே; அவர்கள் பேசியது தங்கள் வீட்டு மொழியையே. ஈரானின் அரசு மொழியில் அதை மாற்றிப் பேசவைத்திருந்தால் சந்தை விரிந்திருக்கும், படம் செத்திருக்கும்.

2004ஆம் ஆண்டின் 'ஆமைகளும் பறக்கும்' படத்தில் அமெரிக்கப் படையெடுப்புக்கு முந்தைய நாட்களில், ஈராக் எல்லையோர அகதி முகாமில் ஒரு சிறுவன் செயற்கைக்கோள் அலைவாங்கி பொருத்திக்கொடுத்துத் தலைவனாகிறான். அவன் பெயரே சாட்டிலைட். ஊர்ப் பெரியவர்கள் போர்ச் செய்திக்காகத் திரை முன் அமர்ந்திருக்கிறார்கள். செய்தி ஆங்கிலத்தில் ஓடுகிறது. சாட்டிலைட்டுக்குத் தெரிந்த ஆங்கிலமோ சில சொற்கள்தாம். தங்கள் தலைவிதியைப் பற்றிய செய்தியைத் தங்களுக்குப் புரியாத மொழியில் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சமூகம்: குர்து அடையாளத்தைப் பற்றிப் பல நூல்கள் விளக்கிச் சொல்வதை அந்தக் காட்சி விளக்காமலே சொல்லிவிடுகிறது. கண்ணிவெடிகளைப் பிடுங்கி விற்கும் கைகளற்ற பையனும் அதே படத்தில்தான் வருகிறான். எனினும் எங்களைத் திரும்பத் திரும்ப ஈர்ப்பது அந்தத் தொலைக்காட்சிக் காட்சியே.

இனி ஈழத்துக்கு வருவோம். அதற்கு முன் சிங்கள சினிமாவைப் பற்றி ஒரு வார்த்தை. 1947இல் வெளிவந்த முதல் சிங்களப் பேசும்படம் மதுரையில் உருவானது. தொடர்ந்து வந்த பல சிங்களப் படங்களும் தென்னிந்திய ஸ்டுடியோக்களில், தென்னிந்தியக் கதைகளோடும் மெட்டுகளோடும் உருவானவையே. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்துக்காகக் கேமராவை ஸ்டுடியோவிலிருந்து வெளியே தூக்கிக்கொண்டு இலங்கைக் கிராமத்துக்குப் போனார். சிங்கள சினிமா தன் முகத்தைக் கண்டுகொண்டது. மொழி வேறாக இருந்ததால் அவர்களால் கோடம்பாக்கத்திலிருந்து விலக முடிந்தது. இலங்கைத் தமிழருக்கு அந்த வசதி இல்லை. யாழ்ப்பாணத்துத் திரையரங்கில் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் ஓடிக்கொண்டிருக்கையில், உள்ளூரில் எடுத்த சின்னப் படத்துக்கு யார் சீட்டு வாங்குவார்கள்? 1963இல் 'தோட்டக்காரி' வந்தது; இந்தியப் பட இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்த 1970களில் இன்னும் சில வந்தன. 'குத்துவிளக்கு' (1972), செங்கை ஆழியானின் நாவலிலிருந்து உருவான 'வாடைக்காற்று' (1978) ஆகியவை அவற்றில் நினைவுகூரத்தக்கவை. மற்றவற்றுள் பெரும்பாலானவை கோடம்பாக்கத்தின் நகல்கள். நகல் எடுப்பதென்று ஆனபின் ரசிகன் மூலத்தையே பார்க்கலாம் என்று நினைத்ததில் அவனைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

விதிவிலக்காக நின்றது 'பொன்மணி' (1977). யாழ்ப்பாணத்துச் சாதிக் கட்டுமானத்தையும் அதை மீறும் காதலையும் பற்றிய அப்படத்தை எழுதியவர் காவலூர் ராஜதுரை; இயக்கியவர் தர்மசேன பதிராஜ என்னும் சிங்களவர். யாழ்ப்பாணத்தில் ஆசிரியப் பணியாற்றியவர் அவர். மேடை நாடகத்திலும் பல்கலைக்கழகத்திலும் இயங்கியவர்கள் அதில் நடித்தார்கள். யாழ்ப்பாணத் தமிழ் அதில் நகைச்சுவைக்காக வராமல் வாழ்க்கையாக வந்தது. படம் வணிகரீதியில் தோற்றது. ஒரு சமூகம் தன் குரலைத் திரையில் கேட்ட முதல் தருணங்களில் ஒன்று அது; அந்தக் குரல் அச்சமூகத்துக்கே சினிமாக் குரலாகப் படவில்லை. சினிமா என்றால் சென்னைத் தமிழ் என்று காது பழகிவிட்டிருந்தது. பிறகு 1983 ஜூலை வந்தது. தமிழரான கே. குணரத்தினத்தின் ஹெந்தலை விஜயா ஸ்டுடியோ கலவரத்தில் எரிந்தது. எடுத்த படங்களிலும் பலவற்றின் பிரதிகள் இன்று கிடைப்பதில்லை.

அந்த வெற்றிடத்தில் ஈழத்தைப் பற்றிப் பேசும் பொறுப்பைக் கோடம்பாக்கம் எடுத்துக்கொண்டது. 'தெனாலி' (2000), 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002), அதன்பின் இன்றுவரை அவ்வப்போது வரும் படங்கள். இவற்றை எடுத்தவர்களின் நல்லெண்ணத்தை நாங்கள் ஐயுறவில்லை. யாழ்ப்பாணத் தமிழைப் பழகுவதற்குக் கமல்ஹாசன் பி.எச். அப்துல் ஹமீதின் துணையை நாடினார். அந்த அக்கறைகூட மற்றவர்களிடம் அரிது. ஆனால் அக்கறையோடு கற்ற அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்த இடம், எதைக் கண்டாலும் அஞ்சும் ஒரு கோமாளிப் பாத்திரம். மணிரத்னத்தின் படத்திலோ ஈழம் இந்தியாவிலேயே படமாக்கப்பட்டது. தாயாக வந்தவர் நந்திதா தாஸ். ஈழம் அங்கே சென்னைக் குடும்பம் ஒன்று தன் மகளுக்காகப் பயணம் செய்து பார்த்துத் திரும்பும் இடம். கதையின் வீடு சென்னையிலேயே இருக்கிறது.

மொழி பற்றி இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தொல்காப்பியம் சுட்டெழுத்துகளாக அ, இ, உ என மூன்றைச் சொல்கிறது. இவன், அவன் நம்மிடம் உண்டு. 'உவன்' நம் வாயிலிருந்து எப்போதோ போய்விட்டான். யாழ்ப்பாணத்தில் அவன் இன்னும் உயிரோடிருக்கிறான். 'உது என்ன?' என்று அங்கே ஒரு கிழவி கேட்டால், கேட்பவனுக்கு அருகில் இருக்கும் பொருளைச் சுட்டுகிறாள் என்று பொருள். பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ள வெளியை அளந்து பேசும் மொழி அது. 'ஓம்', 'கதைக்கிறது' என்று இரண்டு சொற்களைத் தூவிவிட்டால் ஈழத் தமிழ் ஆகிவிடும் என்று கருதும் வசனகர்த்தாவுக்கு இது தட்டுப்படாது. மட்டக்களப்பின் பேச்சு வேறு, மலையகத்தின் பேச்சு வேறு, முஸ்லிம்களின் பேச்சு வேறு என்பதும் தட்டுப்படாது. குர்மாஞ்சியும் சொரானியும் ஒன்றல்ல என்பதைப் படவிழாக் கையேட்டில் படித்துத் தலையாட்டும் நாம், நம் மொழியின் கிளைகளை ஒரே கூடையில் போட்டு 'சிலோன் தமிழ்' என்கிறோம்.

இத்தனைக்கும் இது நமக்குக் கேட்டுப் பழகாத பேச்சு அன்று. 1982 மே 19 அன்று தி. நகர் பாண்டி பசாரில் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் துப்பாக்கிகளோடு மோதிக்கொண்டார்கள். 1980களில் அடையாறு இந்திரா நகரில் இயக்க அலுவலகம் நடந்தது. பெசன்ட் நகரிலிருந்து வளசரவாக்கம் வரை அந்தப் பேச்சு வாடகைக்குக் குடியிருந்திருக்கிறது. கேட்டோம்; காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பாலு மகேந்திராவை நினைக்காமல் இதை எழுத முடியாது. மட்டக்களப்புக்கு அருகில் அமிர்தகழியில் பிறந்தவர். 2014இல் மறையும்வரை சென்னையில் வாழ்ந்தவர். 'அழியாத கோலங்கள்' படத்தில் அவருடைய பால்யத்தின் சாயல் உண்டு. ஆனால் அந்தப் பால்யம் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுக்குக் குடிபெயர்க்கப்பட்டிருந்தது. ஊரில் வீடுகள் எரிந்துகொண்டிருந்த 1980களில், அவர் சென்னையில் ஒரு பெண் தனக்கென்று வீடு கட்டப் படும் பாட்டை 'வீடு' என்று எடுத்தார். அது ஒரு மகத்தான படம். அதில் ஈழத்தைத் தேடுவது வலிந்த வாசிப்பாகவும் இருக்கலாம். ஆயினும் ஈழம் தந்த தலைசிறந்த திரைக்கலைஞன் ஈழத்தைப் பற்றி ஒரு படமும் எடுக்காமல் போனான் என்பது, தனியொருவரின் தேர்வு என்று மட்டும் சொல்லித் தள்ளிவிடக்கூடியது அன்று. குனே தன் தொழிலை விட்டுத் தப்பியோடிய பிறகே அந்த ஊர்ப்பெயரைத் திரையில் எழுத முடிந்தது என்பதையும் உடன்வைத்துப் பார்க்கலாம்.

தணிக்கையை மறந்துவிட்டுப் பேசுகிறோம் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். மறக்கவில்லை. ராஜீவ் காந்தி கொலையைப் பற்றிய 'குற்றப்பத்திரிகை' ஆண்டுக்கணக்கில் முடங்கி 2007இல்தான் வெளிவந்தது. லீனா மணிமேகலையின் 'செங்கடல்' மேல்முறையீட்டுக்குப் போய் 2011இல்தான் சான்றிதழ் பெற்றது. ஆனால் அரசு தடுத்தவை ஒருபுறமிருக்க, நாமே தடுத்தவையும் உண்டு. 2014 மார்ச்சில் சந்தோஷ் சிவனின் 'இனம்' வெளியான சில நாட்களில் எதிர்ப்பின் காரணமாகத் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் பிரசன்ன விதானகேயின் 'உன்னுடன் நீயின்றி' மிரட்டல்களால் சென்னைத் திரையரங்கில் ஓடவில்லை. தஸ்தயேவ்ஸ்கியின் 'சாதுவான பெண்' கதையை எடுத்துக்கொண்டு, அடகுக்கடைக்காரனை முன்னாள் சிங்களச் சிப்பாயாகவும், மனைவியைத் தமிழ்ப் பெண்ணாகவும் மாற்றிய படம் அது. சிங்கள மனசாட்சியை ஒரு சிங்களவரே கூண்டில் ஏற்றியதை, சிங்களவர் எடுத்தது என்பதற்காகவே தடுத்தோம். படம் பார்த்துவிட்டு எதிர்ப்பவரோடு எங்களுக்கு வழக்கில்லை. 'இனம்' படத்தைப் பற்றி எங்களுக்கே கடுமையான விமர்சனங்கள் உண்டு. பார்க்காமலும் பார்க்கவிடாமலும் ஈழத்தைக் காப்பது, அதன் குரல்களுக்கு மேல் நாமே உரக்கப் பேசுவதன் இன்னொரு வடிவம்.

2015இல் தங்கப் பனை 'தீபன்' படத்துக்குப் போயிற்று. தமிழே தெரியாத ஜாக் ஓதியார், எழுத்தாளர் ஷோபாசக்தியை நாயகனாக்கி அவரை அவருடைய பேச்சிலேயே பேசவிட்டார். உடன் நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து சென்றவர். படத்தின் இறுதிப் பகுதி எங்களுக்கு உவப்பானதில்லை. பாரிஸ் புறநகரின் துப்பாக்கிச் சண்டை, வேறொரு படத்திலிருந்து தவறி வந்ததுபோல் இருந்தது. ஆனால் முதல் ஒரு மணி நேரம் தமிழ் கேட்ட விதம் எந்தக் கோடம்பாக்கப் படத்திலும் நாங்கள் கேளாதது. மொழி தெரியாதவருக்கு அதைத் திருத்தத் தோன்றவில்லை போலும்.

இதன் பொருள் கோடம்பாக்கம் ஈழத்தைப் பற்றிப் படமெடுக்கவே கூடாது என்பதன்று. எடுக்கட்டும். அதற்கு முன்னால், அவர்களே எடுத்ததைப் பார்க்கப் பழகலாம். லெனின் எம். சிவம் டொரொண்டோவில் எடுத்த 'எ கன் அண்ட் எ ரிங்' (2013), யாழ்ப்பாணத்தில் அசோக ஹந்தகம தமிழிலேயே எடுத்த 'இனி அவன்' (2012) போன்றவற்றைச் சென்னையில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பேச்சு புரியவில்லை என்பார்கள். புரியாவிட்டால் தமிழிலேயே துணையெழுத்து போடலாம். குர்து மொழிக்குக் கீழே ஆங்கிலத்தை வாசித்துப் பழகிய கண்கள்தாமே. 'பொன்மணி' நல்லவேளையாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது. மயிலாப்பூரில் ஐம்பது நாற்காலி போடக்கூடிய ஒரு கூடம் கிடைத்தால் அதிலிருந்தே தொடங்கலாம் என்றிருக்கிறோம். விவாதத்தைப் படம் முடிந்தபிறகு வைத்துக்கொள்வோம்.