காஞ்சிச் சிறுமியரும் கூடைப்பந்தும்

விளையாட்டு என்பது ஆடுவோருக்கும் வேடிக்கை பார்ப்போருக்கும் மட்டுமே உரிய விஷயம் என்று எண்ணியிருந்த காலம் போய்விட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1996-ம் வருஷம் ஸ்தாபிக்கப்பட்டு, 1997 முதல் பந்தயங்கள் நடத்திவரும் பெண்கள் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் அணிகள், பந்தயம் முடிந்தவுடன் தங்கள் கடமையும் முடிந்துவிட்டதாகக் கருதுவதில்லை. சம்பளம் பெற்று ஆடும் அவ்வீராங்கனைகள், தங்கள் நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்குச் சென்று சிறுமியர் கையில் பந்தைக் கொடுத்துப் பழக்குவதையும், எளியோருக்கு உதவுவதையும் தங்கள் தொழிலின் ஓர் அங்கமாகவே கொண்டிருக்கின்றனர். பீனிக்ஸ் நகரத்து அணியில் ஆடிவந்த காலத்தில் பிரிட்னி கிரைனர், வீடற்ற ஏழைகளுக்காகப் பாதரட்சைகள் திரட்டும் பணியைத் தொடங்கினார். 2022-ல் அவர் ருஷ்யாவில் சிறைப்பட்டிருந்தபோதும் அவருடைய அணியார் அப்பணியை நிறுத்தவில்லை. மின்னசோட்டா அணியில் நான்கு முறை வெற்றிக் கிண்ணம் பெற்ற மாயா மூர், நிரபராதி என்று தாம் நம்பிய ஒரு கைதியின் விடுதலைக்காக 2019-ல் ஆட்டத்தையே விட்டு விலகினார். மறுவருஷம் அக்கைதி விடுதலையானார்.

அந்நியரின் பெருமையைப் பாடுவதற்காக இவற்றை நாம் எடுத்துரைக்கவில்லை. நமது வீராங்கனைகளும் இவ்வாறு ஊருக்குள் வரவேண்டும் என்பதே நமது விருப்பம். அவர்கள் முதலில் வரவேண்டிய ஊர் காஞ்சிபுரம் என்பது நமது அபிப்பிராயம்.

கூடைப்பந்து நமக்குப் புதிய ஆட்டமன்று. 1920-ல் சென்னையில் ஒய். எம். சி. ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி தோன்றிய நாள்தொட்டு இம்மாகாணத்தில் அது வேரூன்றி வந்திருக்கிறது. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 2001 தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்திய அணியில் ஆடி, அதன் தலைவியாகவும் விளங்கி, 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆயினும் அமெரிக்காவில் உள்ளதுபோல் நெடுங்காலம் நிலைபெற்ற தொழில்முறைச் சங்கம் நம் பெண்களுக்கு வாய்க்கவில்லை. அவர்களிற் பலருக்கு ஜீவனமளித்து வருவது ரயில்வே முதலிய சர்க்கார் ஸ்தாபனங்களே. அங்கே அணியைப் போஷிப்பவர் தனவந்தர். இங்கே போஷிப்பது ஜனங்களின் பணம். அப்படியாயின் ஊருக்குத் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் அவர்களைவிட நம்மவர்க்கன்றோ அதிகம்?

காஞ்சியை நாம் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. காஞ்சிப் பட்டின் சிறப்பு அதன் கோர்வையில் இருக்கிறது. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக நெய்து இணைக்கும் அவ்வேலைக்கு ஓர் ஆள் போதாது. நெசவாளர் ஒருபுறம் அமர, மறுபுறத்துக் கரையின் நாடாவை ஓட்ட இன்னொரு கை வேண்டும். அந்த இன்னொரு கை நெடுங்காலம் குழந்தையின் கையாகவே இருந்தது. பிள்ளையார்பாளையத்துப் பெரியவர்களில் பலரும் அப்படித் தறியடியில் வளர்ந்தவர்களே. 1986-ம் வருஷத்துச் சட்டமும் பள்ளிக்கூடங்களும் இந்த வழக்கத்தைப் பெரிதும் குறைத்தன. 2016-ல் திருத்தப்பட்ட சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை அடியோடு தடுத்தது. ஆனால் அபாயமற்ற குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பின் குழந்தைகள் உதவலாம் என்று ஒரு விதிவிலக்கும் வைத்தது. அது தறிக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது வக்கீல்கள் ஆராய வேண்டிய விஷயம். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. குழந்தையின் பகற்பொழுதைச் சட்டம் காப்பாற்றிவிட்டது. மாலைப்பொழுதைக் குடும்பத்தாரிடமே விட்டுவிட்டது.

அந்த மாலைப்பொழுது ஆண் குழந்தைக்கு ஒரு விதமாகவும் பெண் குழந்தைக்கு வேறு விதமாகவும் கழிகிறது. பள்ளி விட்டதும் பையன் மட்டையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறான். அவனை யாரும் தடுப்பதில்லை. அவனுடைய சகோதரிக்கோ நூல் சுற்றுவதும், தண்ணீர் பிடிப்பதும், தம்பியைப் பார்த்துக்கொள்வதும் காத்திருக்கின்றன. பருவமடைந்த பின்னர் விளையாட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. இது பெற்றோரின் கொடுமையன்று. பெண் விளையாடி ஆவதென்ன என்று அவர்கள் கேட்கும்போது, கண்முன் காட்டத்தக்க விடை அவர்களுக்குக் கிடைத்ததில்லை.

அவ்விடையாக வந்து நிற்கக்கூடியவர்கள் வீராங்கனைகளே. விளையாட்டினால் உத்தியோகம் பெற்று, குடும்பத்தைத் தாங்கி, மரியாதையோடு வாழும் ஒரு பெண் திண்ணையில் அமர்ந்து தாயிடம் பேசினால், ஆயிரம் துண்டுப்பிரசுரங்கள் செய்யாததை அப்பேச்சு செய்யும்.

கோயில் நகரத்தில் இதெல்லாம் ஒவ்வுமா என்று சிலர் ஐயுறலாம். முக்திதரும் நகரங்கள் ஏழனுள் காஞ்சி ஒன்றாயின், காசியும் ஒன்று. காஞ்சியைப் போலவே காசியும் பட்டு நெய்யும் ஊர். கோயில்களால் புகழ் பெற்ற ஊர். அந்தக் காசியிலிருந்தே சிங் சகோதரிகள் நால்வர் புறப்பட்டு இந்தியக் கூடைப்பந்து அணியில் ஆடினர். அவர்களுள் பிரசாந்தி சிங் 2019-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். விசுவநாதர் சந்நிதிக்கு அதனால் குறைவொன்றும் நேரவில்லை. ஏகாம்பரநாதர் சந்நிதிக்கும் நேராது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். ஒருநாள் வந்து, மாலை மரியாதை பெற்று, படம் பிடித்துக்கொண்டு போவதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. அன்று பந்தைத் தொட்ட சிறுமி மறுநாள் வெறுங்கையோடு நிற்பாள். ஆசை காட்டி ஏமாற்றிய பாவமே மிஞ்சும். வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வருவதே தொண்டாகும்.

இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. நெசவாளர் தெருக்களுக்கு அருகிலுள்ள ஒரு பள்ளிக்கூட மைதானம், இரு கம்பங்கள், சில பந்துகள், சிறுமியருக்குப் பாதரட்சைகள், ஊரிலேயே தங்கிப் பழக்கும் ஒரு பெண் ஆசிரியை ஆகியவை போதும். மைதானத்தை மாநகராட்சி தரட்டும். காஞ்சிப் பட்டால் செல்வம் பெற்ற வர்த்தகர்களும் கூட்டுறவுச் சங்கங்களும் பந்தும் பாதரட்சையும் தரட்டும். வீராங்கனைகளைத் தெற்கு ரயில்வே அனுப்பட்டும். செங்கற்பட்டிலிருந்து அரக்கோணம் செல்லும் அதன் பாதையிலேயே காஞ்சி இருக்கிறது.

காஞ்சிச் சிறுமியர் எல்லோரும் இந்திய அணியில் இடம்பெற வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அவர்களில் ஒருத்திகூட இடம்பெறாமல் போகலாம். பள்ளி விட்ட பின் ஒரு மணி நேரம் தன்னுடையது, அதில் தான் ஓடலாம், சிரிக்கலாம், தோற்கலாம், ஜெயிக்கலாம் என்று அவர்கள் அறிந்தால் போதும். தலைமுறை தலைமுறையாகப் பிறர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் பட்டு நெய்து கொடுத்த குடும்பங்களின் பெண்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தைத் தருவது தானமன்று, கடன். அதனைச் செலுத்த வீராங்கனைகள் முன்வருவார்களென்று நம்புகிறோம்.