பேச்சு ஒன்று, பாத்தியதை பலருக்கு

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையிலிருந்து தெற்கே பொத்துவிலுக்கு இறங்கும் ஏ4 வீதியில் முஸ்லிம் ஊரும் தமிழூரும் மாறிமாறி வரும்: சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், திருக்கோவில், பொத்துவில். 'வாப்பா' ஓரூரில் 'அப்பா' ஆவார். மற்றபடி பேச்சு ஒன்றே. தாய்வழிக் குடிமுறையும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும்கூட இரு பக்கமும் உண்டு. பிறகேன் தனி இனம் என்கிறீர்கள் என்று முஸ்லிம்களைக் கேட்பவர்கள் ஓயவில்லை.

1888இல் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் இதை ஆய்வாகவே எழுதினார்: சோனகர், அதாவது இலங்கை முஸ்லிம்கள், இனத்தால் தமிழரே. 1907இல் சோனகரான ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து நூல் வெளியிட்டார். சட்டநிரூபண சபையில் சோனகருக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்பதே அந்த இனவியலின் அடியில் கிடந்த கேள்வி.

மொழி ஒன்றானால் மக்களும் ஒன்றாவார்கள் என்பதற்குக் கிரேக்கத்தைச் சான்று காட்டுவார்கள். கி.மு. 323இல் அலெக்சாந்தர் இறந்ததும் தளபதிகள் பேரரசைப் பங்கு போட்டார்கள், மொழி நிலைத்தது. அசோகரே காந்தகாரில் கிரேக்கத்தில் கல்வெட்டுப் பொறித்தார். ஆனால் அது நிலைத்த விதத்தைப் பாருங்கள். அலெக்சாந்திரியா யூதர்கள் தம் வேதத்தைக் கிரேக்கத்தில் ஓதியும் யூதராகவே இருந்தார்கள். எகிப்தியர் தம் மொழியைக் கிரேக்க எழுத்தில் எழுதி, அதில் இல்லாத ஒலிகளுக்குத் தம் பழைய எழுத்துகள் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். நம் முஸ்லிம் மூத்தவர்களும் தமிழை அரபு எழுத்தில் எழுதி, ழகரத்துக்கும் ளகரத்துக்கும் புள்ளியிட்டுப் புது எழுத்துச் செய்தார்கள். எந்தப் படையும் பின்னால் நில்லாமலே காயல்பட்டினம், கீழக்கரை முதல் நம் கரைவரை அந்த அரபுத்தமிழ் ஓதப்பட்டது. கிரேக்கத்துக்கு வாய்க்காத பெருமை இது.

அதே அலெக்சாந்திரியாவில் கி.பி. 38இல் யூதர்கள் தாக்கப்பட்டார்கள். அடித்தவர், அடிபட்டவர் இருவர் பேச்சும் கிரேக்கம். உரோமப் பேரரசரிடம் முறையிடப் போன யூதத் தத்துவஞானி ஃபைலோ அந்த அநியாயத்தை எழுதிவைத்ததும் கிரேக்கத்தில்தான்.

நம் கரையிலும் அப்படித்தான்: கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டு 2019 ஜூனில் தமிழர் தரப்பில் உண்ணாவிரதம் நடந்தபோது, கோஷமும் முஸ்லிம் தரப்பின் எதிர்க்கோஷமும் தமிழில் எழுந்தன. அங்கே தகராறு காணி, கடைத்தெரு, வருமானம் பற்றியது. அதை எல்லைக்கல் வைத்துத்தான் தீர்க்க வேண்டும். 'நாமெல்லாம் தமிழ் பேசுவோர்' என்ற அணைப்பு அதற்கு உதவாது. அந்த அணைப்புக்கு வேறு வேலை இருக்கிறது. 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆனாலும் கந்தோரிலிருந்து சிங்களத்தில் மட்டும் வரும் கடிதம் காரைதீவுக்கும் நிந்தவூருக்கும் ஒருபோலத்தான் புரியாது. அதற்கெதிராக இரண்டு ஊரும் ஒரே மகஜரில் கையெழுத்திட முடியும்.