பரிசல் எறங்க ஒரு சரிவு வேணுமுங்க

ஒகேனக்கல்ல பரிசல் ஏறினவங்க நிறையப் பேர் இருப்பீங்க. ஆனா அதை ஆத்துல எப்படி எறக்குறாங்கன்னு பார்த்திருக்க மாட்டீங்க. நீங்க போகும்போதே அது தண்ணியில நின்னுக்கிட்டு இருக்கும்.

எங்க ஊர் மேட்டூருக்குக் கீழே, காவிரிக்கரை. அக்கரையில எனக்குக் கொஞ்சம் வாழை இருக்கு. பாலத்தைச் சுத்திப் போனா வண்டிக்கு டீசல் ஊத்தியே கட்டாது. அதனால இன்னைக்கும் பரிசல்தான்.

பரிசலைத் தலைமேல கவுத்துத் தூக்கிட்டு வந்து, முழங்கால் தண்ணியில திருப்பிப் போடணும். மிதந்த பிறகுதான் ஆளும் சுமையும் ஏறணும். தரையில வெச்சு ஏத்தி இழுத்தா அடியில இருக்கிற தார்ப்பூச்சு உரிஞ்சிடும். நேரா அக்கரைக்கும் விட முடியாது. கரையோரமா மேல கொஞ்ச தூரம் கொண்டுபோய் அப்புறம் ஆத்துக்குள்ள விட்டா, தண்ணி கீழே இழுக்க, துடுப்பு குறுக்கே இழுக்க, எதிர்த் துறைக்குச் சரியா போய்ச் சேரும். இத்தனைக்கும் கரையில மண் சரிவு இருக்கணும்.

சில வருஷம் முன்னாடி எங்க துறையில படித்துறை கட்டினாங்க. குளிக்க, ஆடிப்பெருக்குக்குச் சாமி கும்பிட நல்ல வசதிதான், அதைக் குறை சொல்லலை. ஆனா சரிவு மொத்தத்தையும் கான்கிரீட் படியாக்கிட்டாங்க. தண்ணி குறைஞ்சா கடைசிப் படிக்குக் கீழே இடுப்பளவு பள்ளம். கூடினா படி எங்கேன்னே தெரியாது, பாசி வேற வழுக்கும். போன வருஷம் படி முனையில மோதிப் பரிசல் கிழிஞ்சு, பதினோரு வாழைத்தார் ஆத்தோட போச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகலை.

போய்ச் சொன்னா, "பரிசலே ஆபத்து, பாலத்துல போங்க"ங்கிறாங்க. ஆபத்து எங்களுக்குத் தெரியாதா? 2018 ஆகஸ்ட்ல மேட்டூர் 120 அடி நிரம்பி, ஒரு லட்சம் கனஅடிக்கு மேல வந்தப்போ இங்கே ஒருத்தரும் பரிசலைத் தொடலை. லைஃப் ஜாக்கெட் கட்டாயம்னு சொல்லுங்க, போட்டுக்கிறோம். அதுக்காகத் துறையையே மூடுறது என்ன நியாயம்?

படியை இடிக்கச் சொல்லலை. பக்கத்துல பத்தடி அகலத்துக்கு மண் சரிவு விட்டாப் போதும். மாடுகளுக்கும் அதுதான் வழி. ஆத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, இப்ப அதுகளைத் தண்ணிக்குக் குழாயடிக்கு ஓட்டிக்கிட்டு இருக்கோம்.