641 தட்டிய கதவு

4294967297. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. எனக்கு இந்த எண்மீது தனிப் பிரியம். ஒரு மேதையின் காலை வாரிவிட்ட எண் அல்லவா! 2இன் 32ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் இது வரும். அடுக்கை இரட்டித்துக்கொண்டே போனால் கிடைக்கும் இதே குடும்பத்து மூத்தவர்களான 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். ஆகவே, அடுத்து வருபவை எல்லாமே பகா எண்கள்தாம் என்று 17ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732இல் கணிதர் ஆய்லர், அடுத்து வரும் நம் எண்ணே 641ஆல் மீதியின்றி வகுபடும் என்று காட்டினார், ஈவு 6700417. வேடிக்கை என்னவென்றால், இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால் அதை 64ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும். ஃபெர்மாவின் பெயரிலேயே வழங்கும் சிறிய தேற்றத்திலிருந்து கிடைக்கும் முடிவு இது! அப்படிப் பார்த்தால் சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே குட்டு உடைந்திருக்கும். ஃபெர்மா ஏன் அதைக் கண்டுபிடிக்கவில்லை? கணக்கில் எங்கோ கை தவறியிருக்கலாம் என்பது என் ஊகம். பத்து இலக்க எண்ணைக் கையால் வகுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வலி புரியும். 65537க்குப் பிறகு இந்தக் குடும்பத்தில் இன்னொரு பகா எண் இன்றுவரை சிக்கவில்லை. 3ஐ 0ஆம் எண்ணாக வைத்து எண்ணினால் வரும் 20ஆம் எண் பகு எண் என்று தெரியும். ஆனால் அதன் ஒரு காரணியைக்கூட யாரும் கண்டதில்லை.