டீசலுக்கு யார் கொடுப்பது?

முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்து அண்டாவில் சோறு மிஞ்சுகிறது. "குழியில கொட்டுப்பா" என்கிறார்கள். ஊரில் பசித்தவன் இல்லையா? இருக்கிறான். கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் வண்டி இல்லை.

கோவையில் 2014-ல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு, போன் வந்ததும் போய், மிஞ்சியதை எடுத்துப் பசித்தவர்களிடம் சேர்க்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் இதற்கு 2019-லேயே விதிமுறை வகுத்துவிட்டது. சட்டம் குறுக்கே நிற்கவில்லை. டீசல் காசுதான் நிற்கிறது!

செஞ்சி மண்டபத்துச் சாம்பார் சாதம், ஊசிப்போவதற்குள் வல்லம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போக வேண்டும். வேன் வேண்டும், மூடியுள்ள பாத்திரம் வேண்டும், டிரைவருக்குக் கூலி வேண்டும். தர்மப்பிரபுக்கள் அரிசி மூட்டை தருவார்கள், டீசலுக்குத் தருவார்களா? வல்லம் ஊராட்சி ஒன்றிய நிர்வாகம் மாதாமாதம் சிறு மானியம் ஒதுக்கட்டும். பொறுப்பை மகளிர் குழுக்களிடம் விடலாம். அடுத்த முகூர்த்தத்துக்கு முன்பே வண்டி கிளம்பட்டும்.