‘அங்கே ஒன்றுமில்லை’ என்னும் தீர்ப்பு

தில்லிக்கு உயர்கல்வி பயில வரும் மாணவர்க்குச் சேர்ந்த சில நாள்களிலேயே ஓர் அறிவுரை கிடைத்துவிடுகிறது: ரிட்ஜுப் பக்கம் போகாதே, குரங்கைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. ரிட்ஜ் என்பது ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி. அதன் ஒரு துண்டு தில்லிப் பல்கலைக்கழக வடக்கு வளாகத்தின் வேலியை ஒட்டிக் கிடக்கிறது. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழக வளாகமோ அந்தப் பாறையின் மீதே அமர்ந்திருக்கிறது. விடுமுறை வந்தால் இதே மாணவரும் இதே பேராசிரியரும் ரந்தம்போருக்கு ஜீப் முன்பதிவு செய்கிறார்கள்; புலி தென்படாவிட்டால் திரும்பிவந்து அங்கும் ஒன்றுமில்லை என்கிறார்கள்.

இந்த ‘ஒன்றுமில்லை’ வெறும் சலிப்புச் சொல் அன்று. நிர்வாகத்தின் மொழியும் இதுவே. நடுவண் அரசின் நிலவளத் துறையும் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பில் அடர்ந்த புதர்நிலமும் திறந்த புதர்நிலமும் தரிசின் வகைகளாகவே இடம்பெறுகின்றன. இந்திய வன அளவாய்வு நிறுவனத்தின் கணக்கிலோ, மர விதானம் 10 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அது ‘புதர்’, வனப்பரப்பில் சேராது. அந்த 10 விழுக்காட்டைத் தாண்டி, பரப்பும் ஒரு எக்டேரை எட்டிவிட்டால், தைலமரத் தோப்பும் மாந்தோப்பும் வனப்பரப்பாகிவிடும். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வறட்சியோடு பழகித் தன்னைக் குறுக்கிக்கொண்ட புதர்க்காடு தரிசு. நேற்று வரிசையில் நட்ட தோப்பு காடு! இதைப் படித்துவிட்டும் சூழலியல் வகுப்பில் வனப்பரப்புப் புள்ளிவிவரத்தை மேற்கோள் காட்டுவோர்க்குக் கூச்சம் வருவதில்லை.

சட்டமும் விலக்கன்று. 1994ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, தண்டு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் 5 சென்டிமீட்டர் விட்டமேனும் கொண்டதாக, மொத்தத்தில் ஒரு மீட்டர் உயரமேனும் உள்ளதாக இருந்தால்தான் அது மரம். 2024 பிப்ரவரியில் தென் ரிட்ஜில் சாலையை அகலப்படுத்த நீதிமன்ற அனுமதியின்றி ஏறத்தாழ 1,100 மரங்கள் வெட்டப்பட்டதை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் அவமதிப்பு என்று தீர்ப்பளித்தது. நல்லது. ஆயினும் செய்தி எங்கும் பேசப்பட்ட எண்ணிக்கை மரங்களுடையது. அவற்றோடு வழித்தெடுக்கப்பட்ட முட்புதர், புல், பாறையிடுக்குச் செடி ஆகியவற்றை எவரும் கேட்கவில்லை. சட்டத்தின் கண்ணில் அவை பிறக்கவே இல்லை.

பச்சையாய் இருந்தால் போதும் என்ற இந்த மனநிலைக்கு ரிட்ஜ் ஏற்கெனவே ஒருமுறை பலியாகியிருக்கிறது. இன்று அங்கே நுழைவோர் காணும் பச்சையில் பெரும்பங்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கொணர்ந்து பரப்பிய அமெரிக்க மரத்தினுடையது. இந்தியில் அது விலாயதி கீகர், தமிழில் சீமைக்கருவேலம். இரு மொழிகளும் தனித்தனியே அதை அயலான் என்றே பெயரிட்டு அடையாளம் கண்டுகொண்டது வியப்பானது. மக்களுக்குத் தெரிந்தது திட்டம் வகுத்தோர்க்குத் தெரியவில்லை. அகற்றுவதா, விட்டுவைப்பதா என்று 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்காடப்பட்ட அதே மரம்தான் இது. தன் நிழலில் பிற செடிகளைத் தலையெடுக்க விடாத இம்மரம், செயற்கைக்கோள் படத்தில் அழகான விதானமாகத் தெரிகிறது. இதன் நெருங்கிய உறவான வன்னி இந்த மண்ணுக்கே உரியது. அதைத் தேடித்தான் காண வேண்டியிருக்கிறது. அதற்காக அயல்மரத்தை ஒரே வீச்சில் வேரறுக்கப் பொறி எந்திரங்களை அனுப்பச் சொல்வதும் மடமை. நீலமானும் நரியும் இப்போது ஒதுங்குவது அதன் அடியில்தான். விதானத்தைச் சிறிது சிறிதாகத் திறந்து, உள்ளே வருவது எது என்று பார்த்துப் பார்த்துச் செய்யவேண்டிய வேலை அது. பத்தாண்டு பொறுமை வேண்டும். எந்தத் திறப்பு விழாவுக்கும் அது ஒத்துவராது.

தமிழ் ஆய்வாளர்க்கு இதில் தனிக் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. உகாயையும் கள்ளியையும் பெயர் சொல்லி அறிந்த சங்க இலக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தில்லியில் அமர்ந்து பாலைத்திணை பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதுவோர், தம் விடுதிக்குப் பின்னால் வெள்வேலும் புரசும் நிற்பதை எட்டிப் பார்ப்பதில்லை. தில்லி மண்ணில் உகாய்க்குப் பீலு என்று பெயர். முல்லையும் குறிஞ்சியும் வறண்டு பாலையாவதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது என்று தேர்வில் எழுதியவர்கள், மே மாதம் சாம்பல் நிறத்தில் கிடக்கும் அசோலா பாட்டி சரணாலயம் ஆகஸ்டில் என்ன ஆகிறது என்பதை ஒருமுறையேனும் நடந்து கண்டிருந்தால், திணை என்பது வெறும் அட்டவணையாக அவர்களுக்குத் தோன்றியிராது.

நடப்பது என்பதே இங்கு முக்கியம். புதர்க்காடு ஜீப்பில் வருவோர்க்கு எதையும் காட்டாது. கவுதாரி கூவுவது கேட்கும், ஆள் தெரியாது. நீலமான் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் இட்ட சாணக்குவியல், முள்ளம்பன்றி உதிர்த்த முள், பாறைமேல் புனுகுப்பூனையின் எச்சத்தில் இலந்தைக் கொட்டை: காலடியில் பார்க்கத் தெரிந்தவர்க்கே இங்கு விலங்கு உண்டு. தானியங்கிப் படக்கருவிகளில் சிறுத்தை பதிவான காடு இது. குளிர்காலத்தைத் தமிழகத்திலும் இலங்கையிலும் கழிக்கும் ஆறுமணிக்குருவியை மழையை ஒட்டிய நாள்களில் இப்பக்கக் காடுகளில் பறவை நோக்குவோர் பதிவு செய்கின்றனர். ஊரில் அதன் குரலைக் கேட்டு வளர்ந்து, தில்லியில் அது வரும் காட்டை ஒன்றுமில்லாத இடம் என்று சொல்லும் மாணவர் எத்தனை பேர்!

‘வருவோர்க்கு வசதி’ என்ற பெயரில் நடப்பவை இந்தக் காலடிப் பார்வையைத்தான் முதலில் அழிக்கின்றன. கற்பலகை பாவிய பாதை, விளக்குக் கம்பம், செயற்கை நீரூற்று, புதரை மழித்துப் புல்தரை. செவ்வாயும் சனியும் குலைகுலையாய் வாழைப்பழம் கொண்டுவந்து குரங்குக்குப் போடும் பக்தி வேறு. பிறகு குரங்குத் தொல்லை என்று முறையிடுவதும் அதே கூட்டந்தான். 2007இல் தில்லி உயர் நீதிமன்ற ஆணைப்படி நகரத்துக் குரங்குகளைப் பிடித்து அசோலாவில் விட்டார்கள். ‘ஒன்றுமில்லாத இடம்’ என்றால் வேண்டாதவற்றைக் கொட்டும் இடம் என்று பொருள்.

விளக்கும் பாதையும் பாதுகாப்புக்குத்தானே என்பார்கள். மாணவியர் ரிட்ஜில் தனியே நடக்க அஞ்சுவது உண்மை. அந்த அச்சத்தைப் பொய் என்று தள்ளுவது ஆண்களுக்கு எளிது. ஆனால் விளக்குக் கம்பம் எவரையும் காப்பதில்லை. பக்கியையும் புனுகுப்பூனையையும் விரட்டுவதுதான் மிச்சம். காப்பது ஆள்தான். நிரப்பப்படாமல் கிடக்கும் வனக்காவலர் பணியிடங்கள், அவற்றில் பெண் காவலர், விடிந்தபின் திறந்து இருட்டுமுன் அடைக்கும் வாயில், பல்கலைக்கழகத் துறைகளே வாரந்தோறும் நடத்தும் கூட்டு நடை. கம்பம் நடுவது ஒருமுறைச் செலவு, படமும் எடுக்கலாம். காவலர்க்கு மாதந்தோறும் ஊதியம் தரவேண்டும். அதனால்தான் கம்பம் வருகிறது.

வேறு வழி இருப்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. குருகிராமத்தில் கல்லுடைத்துக் கைவிடப்பட்ட சுரங்க நிலத்தில் 2010க்குப் பின் ஆரவல்லிக்குரிய செடிகளையே வளர்த்து உருவாக்கிய பல்லுயிர்ப் பூங்கா, 2022 பிப்ரவரியில் காப்புக்காடுகளுக்கு வெளியே அமைந்த பாதுகாப்பு இடமாக இந்தியாவில் முதன்முதலில் அறிவிக்கப்பட்டது. மாங்கர் பனி இன்னும் பழையது. குதரியா பாபாவின் காடு என்று குர்ஜர் ஊரார் தலைமுறைகளாக ஒரு சுள்ளியும் ஒடிக்காமல் காத்துவரும் பள்ளத்தாக்கு அது. அங்கே தௌ மரங்கள் நெருங்கி நிமிர்ந்து நிற்கின்றன. கால்நடை ஓயாமல் மேயும் சரிவுகளில் இதே தௌ பாறையோடு பாறையாகப் படர்ந்து, முழங்காலளவுப் புதராக ஆண்டுக்கணக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். வயது ஒன்று, வேர் ஒன்று, இனமும் ஒன்று. ஆனால் ஒரு மீட்டரை எட்டவில்லை. ஆகவே அங்கே ஒன்றுமில்லை.