பயமுறுத்தினால் பிள்ளை வாய் திறக்காது

2023 மார்ச் முதல் வாரத்தில் திருப்பூர் ரயில் நிலையத்தில் வட மாநிலத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு குவிந்தார்கள். ஹோலிக்கு ஊருக்குப் போனவர்களும் அதில் உண்டு, உயிருக்குப் பயந்து போனவர்களும் உண்டு. பீகார்க்காரர்களைத் தமிழ்நாட்டில் தேடித் தேடித் தாக்குகிறார்கள் என்று சில வீடியோக்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிக்கொண்டிருந்தன. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு உண்மையை எடுத்துச் சொன்னார். ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களின் இரு தரப்புக்குள் நடந்த தகராறு, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. இரண்டுமே பழையவை.

இதை வதந்தியின் கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதில் வேறொரு பாடமும் இருக்கிறது. யாரோ எடுத்த வீடியோவில் இருந்து தேதி போனது, இடம் போனது, காரணமும் போனது. முகங்கள் மட்டும் மிஞ்சி ஊர் ஊராகச் சுற்றின. எடுத்தவராலும் நிறுத்த முடியவில்லை, படத்தில் இருந்தவர்களாலும் முடியவில்லை. இணையத்தில் விட்ட தடம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல அமெரிக்க உதாரணத்தைத் தேட வேண்டியதில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை காலையில் தொடங்கினால் இரவு எட்டுக்குத்தான் முடிகிறது. ஷிப்மென்ட் நெருங்கினால் அதற்கு மேலும் ஆகும். அப்பா கட்டிங், அம்மா செக்கிங் என்று இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குத் துணை பெரும்பாலும் ஒரு கைப்பேசிதான். அந்த ஒரே போனில் வங்கிக் கணக்கும், கம்பெனி வாட்ஸ்அப் குழுவும், பள்ளியிலிருந்து வரும் ஓ.டி.பி.யும், பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுத் திறந்த இன்ஸ்டாகிராமும் இருக்கின்றன. "உன் போனை நீ பத்திரமாக வைத்துக்கொள்" என்று தொடங்கும் பாடம் இந்த வீட்டுக்குப் பொருந்தாது.

பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்பதும் சரியல்ல. கிராமப்புற இந்தியாவில் எடுக்கப்பட்ட 2024-ஆம் ஆண்டு அசர் கல்வி ஆய்வின்படி, 14 முதல் 16 வயதுக்குள் சமூக ஊடகம் பயன்படுத்துபவர்களில் ஏறக்குறைய 62 சதவீதம் பேருக்கு ஒருவரை பிளாக் செய்யவோ புகார் செய்யவோ தெரியும். தன் பக்கத்தை வெளியார் பார்க்காதபடி பூட்டத் தெரிந்தவர்கள் 55 சதவீதம். மிச்சமுள்ளவர்களும் கொஞ்சநஞ்சமில்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் கணினி நெறிமுறைகளும் இணையப் பாதுகாப்பும் தனி இயலாக வருவது 11-ஆம் வகுப்புக் கணினி அறிவியலில். அந்தப் பிரிவை எடுத்தவர்களுக்கு மட்டும், அதுவும் அவர்கள் ரீல்ஸ் போட ஆரம்பித்து நாலைந்து வருஷம் கழித்து.

இந்த இடைவெளியை நிரப்புவது விழிப்புணர்வுக் கூட்டங்கள். மைதானத்தில் உட்கார வைத்து, "போட்டோ போட்டால் வாழ்க்கையே போச்சு" என்று ஒரு மணி நேரம் மிரட்டி அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கிறது. நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் படத்தை வைத்து மிரட்டிப் பணம் பறிப்பவனுக்கு முதலீடு எது? படம் இல்லை, வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். கூட்டத்தில் பேசுபவர் அந்தப் பயத்தைத்தான் வளர்த்துவிட்டுப் போகிறார்.

சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் 2016 ஜூனில் நடந்ததை விசைத்தறிப் பகுதி மறந்திருக்காது. ஓர் இளம் பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். தந்தை போலீஸில் புகார் கொடுத்தும் படம் உடனே இறங்கவில்லை. புகாரைக் கவனிக்க ஒரு காவலர் கைப்பேசியை லஞ்சமாக வாங்கியதும் பின்னர் தெரியவந்தது. அதற்குள் அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். பெற்றோரே தன்னை நம்பவில்லை என்ற வேதனை அவர் எழுதிவைத்த கடிதத்தில் இருந்தது. எதையும் பதிவேற்றாதே என்ற எச்சரிக்கை அவரை எப்படிக் காப்பாற்றியிருக்கும்? தப்பாக அவர் எதையும் பதிவேற்றவே இல்லையே.

ஆகவே முதல் பாடத்தில் சொல்ல வேண்டியது, மாட்டிக்கொண்டால் யாரிடம் போவது என்பதை. சைபர் குற்றத்துக்கு 1930, குழந்தைகளுக்கு 1098. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவச வசதியும் இருக்கிறது. காணாமல் போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையம் இதை 2023-இல் தொடங்கியது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. கைப்பேசிக்குள்ளேயே அதற்கு ஓர் அடையாள எண் உருவாகும், அந்த எண் மட்டும் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பியதை இது எட்டாது. ஆனாலும் நள்ளிரவில் தனியாக அழும் பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது என்று தெரிவதே பெரிய விஷயம்.

அடுத்ததுதான் தடம். இதைக் கற்றுக்கொடுக்கத் திருப்பூரை விடத் தோதான ஊர் இல்லை. வெளிநாட்டுக்குப் போன டி-ஷர்ட்டில் கழுத்துத் தையல் விட்டுப் போனால், லாட் எண்ணைப் பிடித்துக்கொண்டு எந்தத் துணி, எந்தச் சாயப்பட்டறை, எந்த லைன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், துணிமணிக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் கொண்டுவர வழிசெய்கிறது. பஞ்சு முதல் பேக்கிங் வரை ஒரு சட்டையின் ஜாதகமே அதில் இருக்கும். வீட்டில் இதையெல்லாம் கேட்டு வளரும் பிள்ளைக்கு, ஒரு லைக்கும் ஒரு தேடலும் தன் கணக்கில் ஏறும் லாட் எண்தான் என்பது ஒரே நிமிஷத்தில் புரியும்.

பிறகு கரும்பலகையில் ஒரு கற்பனைப் படம். சீருடையில் ஒரு சிறுமி வீட்டு வாசலில் நிற்கிறாள். பின்னால் ஒரு மினி பஸ். கீழே, "அம்மா இன்னைக்கும் ஓ.டி., போர் அடிக்குது" என்று ஒரு வரி, நேரம் மாலை 6.40. படத்தில் இருந்து என்னவெல்லாம் தெரிகிறது என்று பிள்ளைகளே சொல்லட்டும். சீருடை பள்ளியைச் சொல்லும், பஸ் பலகை பகுதியைச் சொல்லும், அந்த வரி அவள் தனியாக இருப்பதைச் சொல்லும். இரண்டு வாரம் தொடர்ந்து பார்ப்பவனுக்கு எந்தெந்தக் கிழமை தனியாக இருக்கிறாள் என்பதும் தெரிந்துவிடும். கேமராவில் லொகேஷன் திறந்திருந்தால், படத்தை டாக்குமென்டாக அனுப்பும்போது எடுத்த இடமும் உள்ளேயே போகும் என்பதை ஆசிரியர் கடைசியில் சேர்த்தால் போதும். மிரட்டத் தேவையில்லை, அவர்களே முகத்தைச் சுளிப்பார்கள்.

பையன்களுக்கென்று அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம், சிறாரின் ஆபாசப் படத்தைத் தரவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. அழிக்காமல், புகாரும் செய்யாமல் வைத்திருப்பதே போக்சோ சட்டத்தில் சிக்க வைக்கலாம். "குரூப்ல வந்துச்சு சார்" என்ற பதில் ஸ்டேஷனில் எடுபடாது.

இவ்வளவும் பிள்ளைகளுக்கு. பெரியவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? பொள்ளாச்சி பாலியல் வழக்கில் 2019-இல் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைச் செய்தியாளர்களிடம் சொன்னவர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. பிளஸ் டூ முடிந்த வீட்டுக்குக் கல்லூரிகளின் போன் வரிசையாக வருகிறது, எண் எங்கே கிடைத்தது என்று எந்தக் கல்லூரியும் சொல்வதில்லை. பள்ளிகளே பிள்ளைகளின் பெயர், வகுப்பு, படம் எல்லாவற்றையும் முகநூலில் போடுகின்றன. இதைப் பார்க்கும் பிள்ளை நம் அறிவுரையை ஏன் கேட்க வேண்டும்?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது, சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்து உச்ச நீதிமன்றம் சென்ற சஞ்சய் கிஷன் கவுல் குழந்தைகளைப் பற்றித் தனியாக எழுதினார். சின்ன வயதில் அறியாமல் செய்ததற்கு வாழ்நாள் முழுக்க விலை கொடுக்கக் கூடாது என்பது அவர் வாதம். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. காகிதத்தில் நல்ல சட்டம்தான். ஆனால் ஒப்புதல் கேட்டு வரும் ஓ.டி.பி. அம்மா போனுக்கு வரும்போது, அம்மா லைனில் இருப்பார், போன் பிள்ளை கையில் இருக்கும்.

பெற்றோரையும் வகுப்புக்கு அழைக்க வேண்டும் என்பது அதனால்தான். வார நாளில் கூட்டம் வைத்தால் ஒரு ஷிப்ட் சம்பளம் போகும், யாரும் வர மாட்டார்கள். பள்ளி மேலாண்மைக் குழு இதை ஞாயிற்றுக்கிழமை வைக்கட்டும், இந்தி பேசும் பெற்றோருக்கு இந்தியிலும் சொல்லட்டும். வெளிநாட்டு பையர்களின் ஆடிட்டுக்காகக் குழந்தைத் தொழிலாளர் இல்லை என்று கம்பெனி வாசலில் பல மொழிகளில் பலகை வைத்திருக்கும் முதலாளிகள், 1930-க்கும் 1098-க்கும் பக்கத்தில் இன்னொரு பலகை வைத்துவிடலாம். சனிக்கிழமை சம்பளக் கவரோடு இந்த எண்கள் உள்ள துண்டுச் சீட்டையும் கொடுத்தால், பிள்ளைக்கு முன்னால் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.